குழாயைத் தேய்த்தால் ரைபிள் ஆகாது

மறுபடியும் ஓர் இடது கை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை மணிக்கட்டுவரை பிளந்து, பெருவிரல் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டு வந்தது. கூட வந்த மாமா, "குக்கர் வெடிச்சிருச்சிங்க சேர்" என்றார்.

குக்கர் வெடித்த கையில் துவக்குக்குப் போடும் கரிமருந்து இருக்காது. இந்தக் கையில் தோலுக்கடியில் கறுப்புப் புள்ளிகள், காயத்தின் ஆழத்தில் மருந்தை அடைக்கிற தேங்காய்த் தும்பு, எலும்பை ஒட்டி ஓர் இரும்புச் சில்லு. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் அதை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்தோம். ஒரு பக்கம் கிரைண்டர் பிடித்த கோடுகள். மறுபக்கம், தண்ணீர்க் குழாய்க்குள் நீளவாக்கில் ஓடுமே ஒரு வெல்டிங் வரம்பு, அது. குழல் பிளந்தது அந்த வரம்பு வழியேதான்.

மறுநாள் பையன் உண்மையைச் சொன்னான். (ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பழைய துவக்கு பாரம், மலை ஏற முடியவில்லை. பனிமலையில் வெள்ளைக்காரர்கள் லேசான ரைபிளோடு ஏறுகிற வீடியோவைப் பார்த்திருக்கிறான். தெரிந்த வெல்டிங் கடையில் ஒரு குழாயை வெட்டி, சுற்றிவரத் தேய்த்து, கட்டையையும் செதுக்கி லேசாக்கியாயிற்று. "அந்த ரைபிளும் மெல்லிசுதானே சேர்?"

இந்தக் கேள்வியை வார்டில் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போனேன். அதனால் இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அல்ப்ஸ், நியூசிலாந்து, ரொக்கி மலைகளில் வேட்டைக்குப் போகிறவர்கள் நாள் முழுக்கத் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுக்காகவே தொலைநோக்கி இல்லாமல் இரண்டரை, மூன்று கிலோவுக்குள் ரைபிள் செய்கிறார்கள். அந்தப் பாரம் எங்கே குறைகிறது? மரப்பிடிக்குப் பதில் காபன் நார்ப் பிடி. சில உறுப்புகளுக்கு உருக்குக்குப் பதில் டைட்டேனியம். சின்னத் தொலைநோக்கி. குழலும் மெல்லியதுதான், ஆனால் அது முழு உருக்குத் தண்டைத் துளைத்து, வெப்பப் பதம் ஏற்றி, எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு வேண்டுமென்று கணக்குப் பார்த்துச் செய்த குழல். மலை வேட்டைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் 4,150 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரை அழுத்தம் எழலாம். ஐரோப்பாவின் பல நாடுகளில் இதற்கென்று பரிசோதனைச் சாலைகள் உண்டு. அந்த உச்ச அளவையும் விட 25 வீதம் கூடுதலான அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாத ரைபிள் அங்கே கடைக்கு வராது.

உங்கள் லயத்துக் குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தம் சில பார். அந்தக் குழாயைச் செய்தவர் அதற்காகத்தான் செய்தார். தகட்டை வளைத்து விளிம்பை ஒட்டவைத்த பொருள் அது. நாட்டுத் துவக்கில் போடும் கரிமருந்து ரைபிள் மருந்தைப் போல வேகமானதல்ல, உண்மை. ஆனால் அதுவும் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தைக் கிளப்பும். தேய்க்காத குழாயே அதற்கு ஆகாது. தேய்த்த குழாயை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சுடுகிறீர்கள்.

"எத்தனையோ தரம் வெடிச்ச துவக்கு சேர், ஒண்ணும் ஆகல" என்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும். நம் மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். வெளியே எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கும் குழலுக்குள் துரு குழிகுழியாகத் தின்றிருக்கும். நேற்று வெடித்தது இன்றைக்கு உத்தரவாதம் இல்லை. இன்னும் சொன்னால், நேற்றைய வெடி இன்றைய குழலைப் பலவீனமாக்கி வைத்திருக்கிறது.

லேசாக்கினால் சுடுவது சுலபம் என்பதும் பிழை. அதே மருந்து, அதே குண்டு, துவக்கின் பாரம் மட்டும் பாதி என்றால், பின்னோக்கி வரும் உதைப்பின் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. முறையாகச் செய்த லேசான ரைபிளிலேயே தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடுவதுண்டு. நாட்டுத் துவக்கில் குழலின் அடியை அடைத்திருக்கும் இரும்பே பின்னால் பறந்து வரும். அது போய் நிற்கிற இடம் கண் அல்லது நெற்றி.

ஹோர்ட்டன் சமவெளியை விட்டால், எங்கள் மலைக்காட்டில் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருநூறு முந்நூறு மீற்றரில் மிருகத்தைப் பார்த்துக் குறிவைக்கும் இடம் எத்தனை இருக்கிறது? மூடுபனி, மானாப்புல், புதர். ஆடுகிற புதருக்குள் விறகு பொறுக்குகிற ஒருவர் இருந்ததும் உண்டு. பனியில் மருந்து நமுத்துப்போய் விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், தயவுசெய்து குழலின் வாயைத் திருப்பி எட்டிப் பார்க்காதீர்கள். தாமதித்து வெடிக்கலாம். அப்படி வந்த முகங்களை ஒட்டவைப்பது எங்களால் முழுதாக முடிகிற வேலை அல்ல.

கையில் பிடிக்கப் பயமாகிப்போன இதே துவக்கைத்தான் பிறகு கம்பி இழுத்து, அதில் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்காக வைக்கிறார்கள். பன்றியின் உயரத்துக்கு வைத்த குழல் மனிதரின் முழங்காலுக்கு நேரே நிற்கும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் நாடி அறுந்தால், ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டத்தைத் திருப்பாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கடினம். கொழுந்து எடுக்கப் போனவரின் கால் அது. வைத்தவரின் கால் அல்ல.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி நாய்களோடு மரை துரத்திய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரையைக் கொல்வது குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கைச் செய்வதும் வைத்திருப்பதும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பயிர்க் காவலுக்கு முறைப்படி அனுமதி பெற்ற துவக்கு வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: அதை வெட்டாதீர்கள், தேய்க்காதீர்கள், துளைக்காதீர்கள். பாரமாக இருந்தால் அகலமான தோள்பட்டி போடுங்கள், பையில் இருப்பதைக் குறையுங்கள். குழலில் கை வைக்க வேண்டாம்.

இனி, வெடித்துவிட்டால்.

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதீர்கள். அழுத்தியும் இரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான பட்டியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். கயிறு, கம்பி வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் போடாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதிலேயே எங்களுக்கு அரை மணித்தியாலம் போகும். மோதிரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். கண்ணில் பட்டிருந்தால் கழுவவோ, குத்தியிருப்பதைப் பிடுங்கவோ, அழுத்திக் கட்டவோ வேண்டாம். பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கண்ணில் முட்டாதபடி கவிழ்த்து மூடிக் கொண்டுவாருங்கள்.

துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது. வெடித்துச் சிதைந்த விரலை மறுபடி பொருத்த முடிவது அரிது. ஆனாலும் கொண்டுவாருங்கள், அதன் தோலும் எலும்பும் மீதிக் கையைச் சரிசெய்ய உதவும்.

வழியில் டிஸ்பென்சரியில் தையல் போடச் சொல்லி நிற்காதீர்கள். உள்ளே தும்பும் மருந்தும் இருக்க வெளியே தைத்தால், மூடிய காயத்துக்குள் கிருமி பெருகும். இப்படியான காயத்தை நாங்களே முதல் நாளில் மூடுவதில்லை. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

வந்ததும் உண்மையைச் சொல்லுங்கள். துவக்குக் காயம் என்றால் பொலிஸுக்கு அறிவிப்பது எங்கள் கடமை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பொலிஸ் வரும்வரை எந்தக் கையும் காத்திருப்பதில்லை, முதலில் தியேட்டர்தான். "குக்கர்" என்று சொல்லி நீங்கள் தப்பப்போவதில்லை, எக்ஸ்ரேயில் சன்னங்கள் தெரியும். எப்போது வெடித்தது, உள்ளே என்ன போட்டிருந்தது, ஈயமா, ஆணியா, கல்லா? இந்த விவரங்களை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். தேட வேண்டியது என்னவென்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

வெல்டிங் கடைத் தம்பிமாரே, குழாயைக் கொண்டுவந்து "கொஞ்சம் மெல்லிசாக்கிக் கொடுங்கண்ணே" என்று யாராவது கேட்டால், என்னத்துக்கென்று கேளுங்கள். பதிலில் சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.