கடற்கரைப் பக்கம் ஒரு கோடி கொடுத்து வாங்குவது வீட்டையா, மண்ணையா?

சென்னை திருவான்மியூரில் ஒரு ஃபிளாட்டை மதிப்பிட வங்கி என்னை அனுப்பியிருந்தது. மூன்றாவது மாடி, 820 சதுர அடி, 1994-இல் கட்டியது. ஒரு கோடிக்கு விலை பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்கள். வாங்கப்போகிற கணவன், மனைவி இருவருக்கும் ஓஎம்ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. அளந்து முடித்து டேப்பைச் சுருட்டும்போது அந்தப் பெண் கேட்டார்: "சார், எங்க ஊர் திருச்சி. இந்தக் காசுக்கு அங்க தனி வீடே வாங்கலாம்னு அப்பா தினமும் போன்ல சொல்றாரு. நாங்க தப்பு பண்றோமா?"

வங்கி அனுப்பி வந்தவன் வாசலில் நின்று அதற்குப் பதில் சொல்வது முறையில்லை. ஆனால் இதே கேள்வியோடு பலர் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு கோடியைப் பிரித்துப் பார்ப்போம். ஃபிளாட்டோடு வரும் நிலத்தின் பிரிபடாத பாகம், அதாவது யூடிஎஸ், 410 சதுர அடி. அந்தத் தெருவில் சதுர அடி 20,000 ரூபாய் என்று எடுத்தேன். நிலம் மட்டும் 82 லட்சம். இதே ஃபிளாட்டைப் புதிதாகக் கட்ட இருபது லட்சம் சொச்சம் ஆகும். முப்பது வயதாகிவிட்டதால் பாதியைக் கழித்து 10 லட்சம் போட்டேன். மொத்தம் 92 லட்சம். சுவர், தரை, ஜன்னல், அவர்கள் ஆசைப்பட்ட பால்கனி எல்லாம் சேர்த்தே அந்தப் பத்து லட்சத்துக்குள் அடங்கிவிடும். மீதி அத்தனையும் மண்.

மண் இங்கே இந்த விலை விற்பதற்குக் காரணம் எளிது. திருச்சியோ சேலமோ நாலு திசையிலும் விரியலாம். சென்னைக்குக் கிழக்கே கடல். பாதி வட்டம் அதிலேயே போய்விட்டது. தெற்கே கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதில் கட்டடம் வரக்கூடாது, வந்தால் ஊருக்கே கேடு. இந்த ஒடுங்கிய பட்டையில்தான் 2000-இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தது, பின்னாலேயே ஓஎம்ஆர் முழுக்க ஐடி கம்பெனிகள். வேலை இருக்கிற இடத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மண்ணை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது.

இப்போது வங்கிக் கணக்குக்கு வருவோம். எனக்கு வருத்தம் தருவது இந்த இடம்தான். அவர்கள் கையில் 20 லட்சம் இருந்தது. மீதி 80-ஐ வங்கி தரும் என்று நம்பியிருந்தார்கள். வங்கி நீங்கள் பேசிய விலையை மட்டும் பார்ப்பதில்லை; பேசிய விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு உச்சம் 80 சதவீதம், அதற்கு மேல் போனால் 75 சதவீதம். ஆக 92 லட்சத்துக்கு அதிகபட்சம் 73.6 லட்சம். பத்திரச் செலவு இதில் சேராது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். ஒரு கோடிக்குப் பத்திரம் எழுதினால் 9 லட்சம். எல்லாம் கூட்டினால் கையிலிருந்து 35.4 லட்சம் வேண்டும். பதினைந்து லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை நகைக் கடனும் பர்சனல் லோனும் போட்டு அடைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே வீட்டை விற்பதற்காக மறுபடி என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

மாதத் தவணையையும் பாருங்கள். 73.6 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 63,900 ரூபாய். அதே ஃபிளாட் வாடகைக்கு 24,000-க்குக் கிடைக்கும். கடற்கரைப் பக்கம் வாடகைக்கு இருப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இந்த இடைவெளியை வைத்துத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கேதான் வாங்குவது என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். பத்திரத்தில் யூடிஎஸ் எவ்வளவு என்று படியுங்கள். 820 சதுர அடி ஃபிளாட்டுக்கு 250 சதுர அடி நிலம்தான் எழுதியிருக்கிறது என்றால் விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். நாளை பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கைத் தீர்மானிக்கப்போவது அந்த எண்தான். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானம் நடக்கலாம். அடுத்தது உப்புக்காற்று. புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காமல் சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், குளியலறைக் கூரை மூன்றையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மனை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை அந்த விதிகள் உண்டு. "அலைச் சத்தம் கேட்கும் சார்" என்று புரோக்கர் சொன்னால், அந்த மனையில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

சரி, உள்ளே தள்ளிப் போவோம் என்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. செங்கல்பட்டு, வாலாஜாபாத் பக்கம் விலை பல மடங்கு குறைவு, உண்மை. ஆனால் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கும் மனையை நம்பாதீர்கள். லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, ஒப்புதல் இல்லாத புது மனைகளைப் பதிவு செய்யவே சட்டம் தடை போட்டிருக்கிறது. கடலை விட்டுத் தள்ளிப் போனால் வெள்ளம் வராது என்பதும் தப்பு. 2015 டிசம்பரில் மாடி வரை தண்ணீர் ஏறிய முடிச்சூரும் வரதராஜபுரமும் கடற்கரையில் இல்லை. வருவாய்த் துறை வரைபடத்தில் பக்கத்து ஏரி எங்கே, அதன் உபரி நீர் எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள்.

பயணத்தையும் விலையோடு கூட்டுங்கள். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் கடற்கரை ஸ்டேஷன் வரை போகும், சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் உங்கள் ஆபீஸ் ஓஎம்ஆரில் இருக்கிறது. அந்த ரயில் அங்கே போகாது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். திருச்சி என்றால் கணக்கே வேறு. அங்கே உங்கள் இருவருக்கும் வேலை கிடைக்குமா, கிடைத்தால் சம்பளம் என்ன என்பதுதான் அங்குள்ள வீட்டின் உண்மையான விலை.

அந்தத் தம்பதி திருவான்மியூர் ஃபிளாட்டை வாங்கவில்லை. வங்கிக் கடன் போதாமல் போனால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் முழுத் தொகையும் வந்திருக்கும். எழுதவில்லை. ஒரு லட்சம் போய்விட்டது. இப்போது இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் ஊரப்பாக்கம் பக்கம் ஒரு மனையின் லேஅவுட் எண்ணை அனுப்பி, "அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல சார், நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார் அந்தப் பெண். வரும் சனிக்கிழமை போகிறேன். முந்தின நாள் நல்ல மழை பெய்தால் தேவலை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம்.