நிராகரிப்புக் கடிதத்தில் ‘பாரதூரமான கவனயீனம்’

தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் (தேயிலை உலர்த்தும் இயந்திரம்) எரிந்தால், சில வாரங்களில் காப்புறுதிக் கம்பனியின் கடிதம் வரும்: “பாரதூரமான கவனயீனம் காரணமாகக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.” அத்தோடு கோப்பை மூடிவிடாதீர்கள். பொலிசியின் எந்த இலக்க நிபந்தனையின் கீழ் நிராகரிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இலங்கையில் தீக் காப்புறுதிக்கு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும்படி 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் 1837இல் ஒரு வழக்கு. தானியம் உலர்த்தும் சூளையில் மரப்பட்டையை உலர்த்தியபோது தீப்பிடித்தது. கம்பனி பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. ஆட்களின் கவனயீனத்துக்கும் சேர்த்துத்தானே காப்புறுதி எடுக்கிறோம்! ‘பாரதூரமான’ என்பது அதே கவனயீனத்தில் ஒட்டிய வசைச்சொல்தான் என்று 1843இல் ஒரு நீதிபதி சொல்லிவைத்தார். பொலிசியிலேயே அந்தச் சொல்லைப் போட்டு விலக்கியிருந்தால் கதை வேறு. அப்போதும் வாசகம் தெளிவில்லாவிட்டால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும்.

கம்பனி உண்மையில் பிடிப்பது ‘நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை. 1967இன் ஃபிரேசர் என்ற ஆங்கில வழக்குப்படி, ஆபத்து இருப்பது தெரிந்தும் ‘வருவது வரட்டும்’ என்று விட்டிருந்தால்தான் அது மீறல். ட்ரையரையே பாருங்கள். சூட்டடுப்புக் குழாயில் விரிசல் விழுந்தால் தீப்பொறி சூடான காற்றோடு உள்ளே போகும். படிந்திருக்கும் தேயிலைப் பஞ்சில் பற்றிக்கொள்ளும். ஒரு இரவு பஞ்சைத் துடைக்க மறந்தது சாதாரணக் கவனயீனம். பிட்டர் (இயந்திரங்களைப் பராமரிப்பவர்) பதிவுப் புத்தகத்தில் ‘குழாய் விரிசல்’ என்று மூன்று தடவை எழுதியும் ஒருவரும் பக்கத்தில் கையெழுத்து வைக்கவில்லையென்றால், அந்தப் பக்கமே கம்பனியின் சாட்சி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு மண்சரிவு எச்சரிக்கைக்குப் பிறகும் சரக்கைக் களஞ்சியத்திலேயே வைத்திருந்தாலும் இதே வாதம் எழும். (அதற்கு முன், மண்சரிவு உங்கள் பொலிசியில் இருக்கிறதா? பெரும்பாலும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.)

உத்தரவாத நிபந்தனைகளை இதோடு குழப்ப வேண்டாம். ‘தீயணைப்புக் கருவி வருடாந்தம் சேர்விஸ் செய்யப்படும்’ என்று எழுதியிருந்தால் அப்படியே நடந்திருக்க வேண்டும்; கவனமாக இருந்தோம் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

வழக்கில் வென்றாலும் பணம் வரம்புக்குள்தான். ஹற்றன் கடையொன்றில் 80 லட்சத்துக்குச் சரக்கு, காப்புறுதியோ 50 லட்சத்துக்கு என்று வையுங்கள். 20 லட்சம் எரிந்தால் சராசரி வாசகத்தின்படி (சரக்கின் பெறுமதிக்குக் குறைவாகக் காப்புறுதி எடுத்திருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை) எட்டில் ஐந்து பங்கு, அதாவது 12.5 லட்சம். 10 சதவீதம் நீங்களே தாங்க வேண்டியது என்றிருந்தால் கையில் 11.25 லட்சம். விலை ஏறும் காலத்தில் பழைய தொகையையே புதுப்பிக்கும் பழக்கம் இதில்தான் கடிக்கிறது.

நிராகரிப்புத் திகதியைக் குறித்துவையுங்கள். ஒப்பந்த வழக்குக்குப் பொதுவான காலம் 6 வருடம் என்றாலும், பல தீப் பொலிசிகள் 12 மாதத்துக்குள் வழக்கு வைக்கச் சொல்கின்றன. நடுத்தீர்ப்பு வாசகம் (தகராறை நடுவரிடம் விடும் நிபந்தனை) தொகைத் தகராறுக்கு மட்டும்தானா என்றும் பாருங்கள். பாதித் தொகைக்குக் காசோலை நீட்டி ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், ‘மீதிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று கையால் எழுதி, அதைக் கம்பனி எழுத்தில் ஏற்ற பிறகே கையெழுத்திடுங்கள்.