மலிவான டயரில் எது குறைகிறது?

வேதியியல் வகுப்புகளில் இரண்டு கறுப்புப் பந்துகளை வைத்துக் காட்டப்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. அளவிலும் நிறத்திலும் அவற்றுக்குள் வேறுபாடு எதுவும் தெரியாது. ஒரே உயரத்திலிருந்து இரண்டையும் கைவிட்டால், ஒன்று துள்ளி எழும். மற்றது ஈரமண் உருண்டையைப் போலப் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். துள்ளும் பந்து நியோபிரீன் என்னும் ரப்பரால் ஆனது, துள்ளாதது பாலிநார்போர்னீன். விழும்போது பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியை முதல் பந்து திருப்பித் தந்துவிடுகிறது. இரண்டாவது பந்தோ அந்த ஆற்றலைத் தன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசும் உரசலில் வெப்பமாக மாற்றி விழுங்கிவிடுகிறது.

கார் டயர் செய்ய இவற்றில் எந்தப் பந்தின் குணம் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் துள்ளும் பந்தையே காட்டுவார்கள். எரிபொருள் செலவை மட்டும் எண்ணினால் அது சரியான விடைதான். மழையில் பிரேக் போடும் நேரத்தை எண்ணினால், விடை செத்து விழுந்த பந்து. டயர்களின் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், விலை ஏறாத டயரில் எது விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த முரணிலிருந்து தொடங்குவதே நல்லது.

1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் நான்கு சக்கரங்களின் மீது நிற்கும்போது, ஒவ்வொரு சக்கரமும் சுமார் 350 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் வழக்கமான 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு) காற்றழுத்தம் இருந்தால், அந்தச் சுமையை ஏந்தத் தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 155 சதுர சென்டிமீட்டர், அதாவது விரித்த ஓர் உள்ளங்கையின் அளவு மட்டுமே. கார் திரும்புவதும் நிற்பதும் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

சாலை நம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு அது கரடுமுரடான பாறைக்காடு. ஜல்லியின் ஒவ்வொரு முனையும் ரப்பருக்குள் அழுந்தி விலகுகிறது. அழுந்தும்போது உள்வாங்கிய ஆற்றலை ரப்பர் அப்படியே திருப்பித் தந்தால், கல்லின் பின்பக்கத்தைத் தள்ளிவிட்டு எளிதாக வழுக்கிச் சென்றுவிடும். அந்த ஆற்றலை விழுங்கினால், கல்லின் முன்பக்கத்தில் மட்டும் எதிர்ப்பு மிஞ்சி, அதுவே பிடிமானம் ஆகிறது. உலர்ந்த சாலையில் ரப்பருக்கும் கல்லுக்கும் இடையே மூலக்கூறு அளவிலான ஒட்டும் விசையும் துணைக்கு வரும். நனைந்த சாலையில் மெல்லிய நீர்ப்படலம் அந்த ஒட்டுதலைக் கெடுத்துவிடுவதால், ஆற்றலை விழுங்கும் குணமே பெரும்பகுதிப் பொறுப்பை ஏற்கிறது. எந்த டயரும் வெயிலில் நல்ல டயராகத் தோன்றுவதற்கும், தரவேறுபாடு முதல் மழையில் வெளிப்படுவதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் ஆற்றலை விழுங்கும் ரப்பர் அதைச் சும்மா ஓடும்போதும் விழுங்கும் அல்லவா? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண கார் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயர் தரையில் தட்டையாகி மீண்டும் வட்டமாகிறது. அதில் வீணாகும் ஆற்றலே உருளல் தடை, அதாவது எரிபொருள் இழப்பு. இங்கே இயற்கை ஒரு சிறிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. சக்கரச் சுழற்சி விநாடிக்குச் சில பத்து அதிர்வுகளுக்குள் அடங்குவது. ஜல்லி முனைகள் ரப்பரை உலுக்குவதோ விநாடிக்குப் பல்லாயிரம் முதல் பத்து லட்சம் அதிர்வுகள் வரை. மெதுவான அதிர்வில் துள்ளும் பந்தாகவும், வேகமான அதிர்வில் செத்த பந்தாகவும் நடந்துகொள்ளும் ஒரு ரப்பரைச் செய்ய முடிந்தால் இரண்டு பயனும் கிடைக்கும். டயர்ப் பொறியியலின் கடந்த முப்பது ஆண்டுச் சாதனையை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தச் சாதனையின் மையப் பொருள் சிலிக்கா என்னும் வெள்ளை நுண்தூள். வெறும் ரப்பர் மிக விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், அதற்கு வலுவூட்ட நுண்துகள் கலப்பது நூற்றாண்டுப் பழக்கம். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான கார்பன் பிளாக்தான் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தது. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் இந்தக் கரித்தூள் ரப்பருடன் எளிதாகக் கலக்கும். ஆனால் அதன் துகள்கள் தமக்குள் கோத்துக்கொள்ளும் வலைப்பின்னல் ஒவ்வொரு சுழற்சியிலும் உடைந்து கூடுவதால் உருளல் தடை கூடுகிறது. 1992இல் மிச்செலின் நிறுவனம், தரையைத் தொடும் வெளி அடுக்கான டிரெட் பகுதியில் கார்பன் பிளாக்குக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்த்த கார் டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளல் தடை குறைந்தது. ஈரப் பிடிமானம் குறையவில்லை.

சிலிக்காவைச் சேர்த்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் செலவுக்குரிய இடம். சிலிக்கா தண்ணீரை நாடும் பொருள். ரப்பர் எண்ணெயை நாடும் பொருள். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைந்தால், சிலிக்கா மாவில் விழுந்த கட்டியைப் போலத் திரண்டு நிற்கும். ஆகவே ஒரு பக்கம் சிலிக்காவையும் மறுபக்கம் ரப்பரையும் பற்றிக்கொள்ளும் சிலேன் என்ற இணைப்பு மூலக்கூறு தேவைப்படுகிறது. கலவை இயந்திரத்துக்குள் 140 முதல் 155 டிகிரி செல்சியஸ் வரையிலான குறுகிய வெப்பநிலை எல்லையில், போதிய நேரம் அது வினைபுரிய வேண்டும். வினையின்போது வெளிவரும் எத்தனால் ஆவியை வெளியேற்றவும் வேண்டும். வெப்பம் குறைந்தால் வினை பாதியில் நிற்கும். மிஞ்சினால் சிலேனில் உள்ள கந்தகம், அச்சில் ஏறும் முன்பே ரப்பரை வேகவைத்துவிடும். இதனால் ஒரே கலவை பலமுறை இயந்திரத்துக்குள் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. இயந்திர நேரமும் மின்சாரமும் பணம். ஒரு சுற்றைக் குறைத்தால் அந்தப் பணம் மிஞ்சும். டயரின் வெளித்தோற்றத்திலோ அதன் பளபளப்பிலோ அது சிறிதும் தெரியாது. மலிவான டயர்களிலும் இன்று சிலிக்கா உண்டு என்பதால், "சிலிக்கா கலந்தது" என்ற விளம்பர வரியை வைத்து மட்டும் நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

இனி, எல்லா டயர்களுக்கும் பொதுவான விலையேற்றம். டயர் ரப்பரில் ஒரு பகுதி மரத்திலிருந்தும் மறுபகுதி பெட்ரோலியத்திலிருந்தும் வருகிறது. கார்பன் பிளாக்கும் பெரும்பாலான செயற்கை இழைகளும் பெட்ரோலியத்தின் பிள்ளைகளே. எண்ணெய் விலை ஏறினால் டயரின் பல உறுப்புகள் ஒரே நேரத்தில் விலையேறுகின்றன. ரப்பர் மரத்தின் கணக்கு இன்னும் மெதுவானது. கன்று நட்டு 6 அல்லது 7 ஆண்டுகள் கழித்தே பால் வெட்ட முடியும் என்பதால், இன்றைய தட்டுப்பாட்டுக்கான விதை சென்ற பத்தாண்டிலேயே ஊன்றப்பட்டிருக்கும். 2011இல் உச்சத்தைத் தொட்ட இயற்கை ரப்பர் விலை பிறகு சரிந்து பல ஆண்டுகள் தாழ்ந்தே கிடந்தது. அந்த ஆண்டுகளில் மறுநடவைத் தள்ளிப்போட்டவர்களும் வேறு பயிருக்கு மாறியவர்களும் பலர். உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கைத் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தருவதால், அங்கே இலையுதிர் நோயோ வெள்ளமோ வந்தால் அதன் சுமை எல்லா நாட்டு டயர்க் கடைகளுக்கும் வந்து சேர்கிறது.

வரிகளும் உண்டு. 2009இல் அமெரிக்கா சீனாவிலிருந்து வரும் கார் டயர்கள் மீது 35 சதவீதக் கூடுதல் வரி விதித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் அதை 30, 25 என்று குறைத்தது. இத்தகைய வரிகள் முதலில் தாக்குவது விலை குறைந்த டயர்களையே. இவற்றோடு கார்களின் உருவமும் மாறிவிட்டது. 13, 14 அங்குலச் சக்கரங்கள் இருந்த இடத்தில் 16, 17 அங்குலம் வந்துவிட்டது. மின்கல எடையைச் சுமக்கும் மின்சாரக் கார்களுக்கு இன்னும் வலுவான டயர் வேண்டும். சிக்கன விலை என்ற சொல்லே இன்று பழைய பொருளில் செல்லுபடியாகாது.

விலையைக் குறைத்து வைத்திருக்க வேண்டிய உற்பத்தியாளர் எங்கே கை வைக்க முடியும்? ஈரப் பிடிமானம், தேய்மான ஆயுள், உருளல் தடை ஆகிய மூன்றையும் டயர்ப் பொறியாளர்கள் முக்கோணமாகப் பேசுவார்கள்; ஒரே கலவையில் ஒரு முனையை இழுத்தால் மற்றொன்று சுருங்கும். மூன்றையும் ஒன்றாக விரிக்க விலையுயர்ந்த பாலிமரும் நேரமும் வேண்டும். அவை இல்லாதபோது, நீண்ட ஆயுளும் குறைந்த எரிபொருள் செலவும் விற்பனைக்கு எளிதானவை என்பதால், சுருங்கும் முனை பெரும்பாலும் ஈரப் பிடிமானமாகவே இருக்கிறது.

டயரின் உட்புறத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. டியூப் இல்லாத டயரில் காற்றைக் காப்பது உட்சுவரில் ஒட்டிய மெல்லிய பியூட்டைல் ரப்பர்ப் படலம். இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் பியூட்டைல் வழியே பத்தில் ஒரு பங்குக் காற்றுகூடக் கசிவதில்லை. அதில் மலிவான ரப்பரைக் கலந்தாலோ படலத்தை மெலிதாக்கினாலோ, அழுத்தம் விரைவில் குறைவது ஒரு புறம் இருக்க, கசியும் ஆக்சிஜன், டிரெட்டுக்கு அடியில் சுற்றியிருக்கும் எஃகுப் பெல்ட்டுகளைச் சூழ்ந்த ரப்பரை உள்ளிருந்தே முதுமையாக்குகிறது. அதிவேகத்தில் பெல்ட்டின் விளிம்பு அடுக்கடுக்காகப் பிரிந்து டிரெட் உரிந்துபோகும் விபத்துகள் இப்படிப்பட்ட விளிம்பு விரிசல்களில் தொடங்குகின்றன. பெல்ட்டுக்கு மேலே சுற்றப்படும் நைலான் அடுக்கு அந்த விளிம்பைக் கட்டிப் பிடிப்பதற்காகவே இருக்கிறது. அதைச் சுருக்குவதும் செலவைச் சுருக்கும் வழிதான்.

ஈரச் சாலையில் ஏற்படும் வேறுபாட்டை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒரே மாதிரியான இரண்டு கார்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அருகருகே செல்கின்றன. ஒரே புள்ளியில் இரண்டும் முழு பிரேக் போடுகின்றன. முதல் காரின் டயர்களுக்குப் பிடிமானத்தின் அளவான உராய்வுக் கெழு 0.8, இரண்டாவதற்கு 0.6 என்று கொள்வோம். முதல் கார் 31.5 மீட்டரில் நிற்கும். இரண்டாவது 42 மீட்டரில். பத்து மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 40 கிலோமீட்டர். சாலையைக் கடக்கும் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், அவருக்கு இந்தப் பத்து மீட்டரின் பொருள் வேறு.

இந்தக் கணக்கு மெல்லிய நீர்ப்படலத்துக்கு உரியது. அங்கே பேசுவது ரப்பர்க் கலவை. தேங்கிய நீரில் பேசுவது டிரெட்டில் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழம். 80 கிலோமீட்டர் வேகத்தில் டிரெட்டின் ஒரு புள்ளி தரையைத் தொட்டிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ 150இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் நீர் பள்ளங்கள் வழியே வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று எடையற்றுப் போவதை ஓட்டுநர் உணர்வார். விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா ஆய்வாளர்கள் 1960களில் தந்த சூத்திரப்படி, பள்ளங்கள் பயன்படாத நிலையில் மிதத்தல் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பி.எஸ்.ஐ. டயருக்கு அது மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர். அழுத்தம் 22க்கு இறங்கினால் சுமார் 78. புதிய மலிவு டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மி.மீ. ஆழம் இருப்பதால் தேங்கிய நீரை அது நன்றாகவே சமாளிக்கும். மெல்லிய ஈரத்தில்தான் தோற்கக்கூடும். தேய்ந்த உயர்தர டயரின் நிலை தலைகீழ். இரண்டில் எது பாதுகாப்பானது என்று பொதுப்படையாகக் கேட்பவர்களுக்கு, எவ்வளவு மழை என்ற எதிர்க்கேள்வியே என் விடை.

வாங்குபவர் பார்க்கக்கூடியவை சில உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் ஈரப் பிடிமானம், உருளல் தடை, ஓசை ஆகியவற்றுக்கு முத்திரைச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தச் சீட்டின் முதல் வடிவில் இருந்த மிக உயர்ந்த ஈரத் தரத்துக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தொலைவு 18 மீட்டர் வரை வேறுபடலாம் என்று அந்த ஒன்றியமே கணக்கிட்டது. அமெரிக்க முறையில் பக்கச்சுவரில் காணப்படும் தேய்மான எண், உற்பத்தியாளர் தாமே சோதித்துத் தாமே பொறித்துக்கொள்வது. மிகப் பெரிய எண் மிகக் கடினமான ரப்பரையும் குறிக்கலாம். 185/65 ஆர்15 88எச் என்ற வரியில் 88 என்பது 560 கிலோ தாங்கும் என்றும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்றும் சொல்கின்றன. மலிவு தேடும்போது இந்த இரண்டிலும் காருக்குரிய அளவுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் "புதிய" டயர் கிடங்கிலேயே எத்தனை ஆண்டுகள் இருந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

விலையேற்றம் பாதுகாப்பைத் தாக்கும் முக்கிய வழி மலிவு டயர்கூட அன்று, தள்ளிப்போடுதல்தான் என்பது என் எண்ணம். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மி.மீ.; பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் டிரெட்டோடு சமமாகும்போது அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் பிடிமானம் அந்தக் கோட்டில் ஒரே நாளில் விழுவதில்லை, 3 மி.மீ. அளவிலிருந்தே மழையில் நிற்கும் தொலைவு கூடத் தொடங்கிவிடும். நெடுங்காலம் ஒப்புதலுக்கான ஈரப் பிடிமானச் சோதனைகள் புதிய டயரிலேயே நடந்துவந்தன. 2024 ஜூலை முதல் ஐரோப்பாவில் ஒப்புதல் கோரும் புதிய டயர் வகைகள், தேய்ந்த நிலையிலும் நனைந்த தளத்தில் பிரேக் சோதனைக்கு உட்பட வேண்டும். அதற்காக டிரெட்டை ஏறத்தாழ 2 மி.மீ. ஆழம் வரை இயந்திரத்தில் சீவிவிட்டுத்தான் டயரைச் சோதனைத் தடத்துக்கு அனுப்புகிறார்கள்.