பழைய கார் முனகும்போது காதை நம்பலாமா?

பழைய சின்னக் காரில் புதிதாக ஒரு சத்தம் கிளம்பியதும் எல்லோரும் முதலில் கேட்பது ‘எங்கிருந்து வருது?’ என்றுதான். ஓட்டுகிறவர் முன்பக்கம் இடது சக்கரம் என்பார், பக்கத்தில் இருப்பவர் பின்னாலிருந்துதான் என்று அடித்துச் சொல்வார், பின்சீட்டுக்காரருக்கு அப்படி ஒரு சத்தமே கேட்காது. மூன்று பேர் சொல்வதும் நிஜமாகவே இருக்கலாம். ஓடும் காருக்குள் சத்தத்தின் இடத்தைக் காதால் பிடிப்பது கஷ்டம். ஆனால் அது எதோடு சேர்ந்து ஏறுகிறது, எதை விட்டால் நிற்கிறது என்பதைப் பிடிப்பதில் நம் காது கில்லாடி. அங்கிருந்து தொடங்கினால் தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவு பெரும்பாலும் மிச்சம்.

இடம் ஏன் பிடிபடுவதில்லை? ஒலி வரும் திசையை நாம் எப்படி அறிகிறோம் என்று 1907-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு விளக்கினார். கீச்சென்ற ஒலி என்றால் இரண்டு காதிலும் விழும் அளவின் வித்தியாசம், தாழ்ந்த ஒலி என்றால் வந்து சேரும் நேரத்தின் வித்தியாசம். இந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் போனாலே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. திறந்த வெளியில் மூளைக்கு அது போதும். காருக்குள் கதை வேறு. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர், சின்னக் காரின் மொத்த நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் கலந்து சில இடங்களில் பலத்தும் சில இடங்களில் செத்தும் கிடக்கும், பின்சீட்டுக்காரர் அப்படி ஒரு செத்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். போதாக்குறைக்கு, இந்தச் சத்தத்தில் பெரும்பங்கு காற்றுவழியாக வருவதே இல்லை. சக்கரத்து அதிர்வு ஆக்சில், ஸ்பிரிங், பாடி என்று இரும்புக்குள்ளேயே ஓடி, எந்தத் தகடு லேசாக அதிருமோ அங்கே சத்தமாக வெளியே வரும். நம் காது காட்டிக்கொடுப்பது அந்தத் தகட்டை.

சரி, எதோடு சேர்ந்து ஓடுகிறது என்பதை எப்படிப் பார்ப்பது? காரில் சுற்றுகிற பாகங்கள் இரண்டு கூட்டம். ஒன்று இன்ஜினோடு சுற்றுவது, இன்னொன்று சக்கரத்தோடு சுற்றுவது. நடுவில் கியர் இருப்பதால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தை மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் சத்தத்தின் சுதி மாறவில்லை என்றால் அது சக்கரத்தின் பக்கம். கியர் மாறியதும் சுதி இறங்கினால் இன்ஜின் பக்கம். அப்புறம் நியூட்ரலில் விட்டுக் கொஞ்ச தூரம் உருளவிட்டால் இன்னும் தெளிவாகிவிடும். இன்ஜினை அணைக்க மட்டும் கூடாது, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும், சாவியைத் திருப்பினால் சில கார்களில் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

இதற்கு மேல் கொஞ்சம் கணக்கு. 13 அங்குல ரிம்மில் ஓடும் சின்ன டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 16.7 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்கு சுமார் 10 சுற்று. சக்கரத்தின் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் அதிர்வு 10 ஹெர்ட்ஸில் வரும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகக் கேட்காது என்பதால் அதை ஸ்டியரிங் நடுக்கமாகக் கைதான் உணரும். சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் குண்டு வளையமான பேரிங்கில் கோளாறு என்றால் கணக்கு வேறு. வெளி வளையம் அசையாமல் உள் வளையம் சுற்றும் பேரிங்கில், குண்டுகள் சக்கரத்தின் வேகத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே வலம் வரும். வெளி வளையத்தில் ஒரு சின்னப் பள்ளம், ஒரு வரிசையில் 12 குண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து இடி, நொடிக்கு 50. அந்த ‘ஊம்ம்ம்’ என்ற முனகல் இதிலிருந்தும் இதன் மடங்குகளிலிருந்தும்தான் பிறக்கிறது. இன்ஜின் கணக்கும் இதுபோலத்தான்: 3,000 ஆர்.பி.எம்.-மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) மூன்று சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 75 முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் என்றால் 100 முறை. போனில் ஒலி அலைவரிசையைப் படமாகக் காட்டும் ஆப் இருந்தால் இந்த எண்களை நேரிலேயே ஒப்பிடலாம், மைக் மட்டும் தாழ்ந்த ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கிவிடும்.

சக்கரத்தின் பக்கம் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான குழப்பம், ஏனென்றால் பேரிங்கும் டயரும் அச்சு அசலாக ஒரே மாதிரி முனகும். புது டயரில் இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரு டயரைச் சுற்றி, தரையில் படும் ரப்பர் கட்டைகள் 60, 70 இருக்கும், எல்லாம் ஒரே நீளம் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 600, 700 ஹெர்ட்ஸில் விசில் அடித்துக் கொல்லும். அதனால் வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே கட்டைகளைச் சின்னதும் பெரிதுமாகக் கலந்து வைக்கிறார்கள், ஒற்றைச் சுதி சிதறி வெறும் இரைச்சலாகிவிடும். ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலோ வீல் அலைன்மென்ட் கெட்டாலோ டயர் மேடும் பள்ளமுமாக, ரம்பப் பல் போலத் தேயும், அப்போது அந்த ஏற்பாடு குலைந்து முனகல் கிளம்பும். உள்ளங்கையால் டயரை முன்னும் பின்னும் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் குத்தலாகவும் இருக்கும். (கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.) சாலையும் உதவும்: சொரசொரப்பான தாரிலிருந்து வழவழப்பான பரப்புக்குப் போகும்போது சத்தத்தின் குணமே மாறினால் டயர், அசராமல் அப்படியே தொடர்ந்தால் பேரிங். அதிலும் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போடலாம், சத்தமும் கூடவே மாறியதென்றால் டயர்தான், வழக்கு முடிந்தது.

பேரிங்தான் என்றால் இடதா வலதா? ஓடும் காரை லேசாக வலப்புறம் வளைத்தால் பாரம் இடது சக்கரங்களுக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் முதல் சந்தேகம் இடது பேரிங் மேல். முதல் சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், இரட்டை வரிசைக் குண்டு உள்ள பேரிங்கில் எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்து இந்தச் சோதனை ஏமாற்றலாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுவது இதைவிட நம்பகமானது, கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் கம்பி வழியாக விரலுக்கு வந்துவிடும். சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு ‘ஆட்டம் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆட்டம் வருவதற்கு வெகு முன்னாலேயே சத்தம் வந்துவிடும். இந்தச் சத்தத்தைத் தள்ளிப்போடவும் கூடாது, முற்றினால் சக்கரம் இறுகிப்போகலாம், கழன்றும் போகலாம்.

மற்றவை சுலபம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகரும்போது டக் டக் என்றால் வெளி சிவி ஜாயிண்ட், அதாவது திரும்பும் சக்கரத்துக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு. நின்ற இடத்தில், நியூட்ரலில், கிளட்ச்சை மிதித்ததும் இரைச்சல் அடங்கினால் பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் பேரிங் (இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் இருப்பது), மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிப்பது). எந்தச் சுற்றோடும் சேராமல் குழியில் மட்டும் லொடக்கென்றால் சஸ்பென்ஷன். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.-மில் மட்டும் ஜிர்ரென்று வந்து, தாண்டியதும் காணாமல் போனால், சைலன்சர் பைப்பை மூடியிருக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள், அதன் இயல்பு அதிர்வெண்ணும் இன்ஜினுடையதும் அங்கே சந்திக்கின்றன.

பழைய காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிர்வை விழுங்க வேண்டிய ரப்பர் புஷ்களும் இன்ஜின் மவுண்டுகளும் வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து கட்டையாகிவிடும், அதனால் முன்பு வெளியே தெரியாத ஆரோக்கியமான அதிர்வுகூட உள்ளே வந்து சேரும். எந்தப் பாகமும் கெடாமல், சத்தம் வரும் பாதை மட்டும் திறந்திருக்கும். அங்கே பேரிங்கை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லாச் சோதனையும் சுத்தமாக வந்து முனகல் மட்டும் நிற்கவில்லை என்றால், புதுப் பாகம் வாங்கப் போகும் முன் டார்ச் அடித்து அந்த ரப்பர்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.