5.7 என்று போட்டிருக்கிறதே, ஏன் தெரியவில்லை?

"எம்33 கேலக்ஸியின் ஒளியளவு 5.7 என்று செயலி காட்டுகிறது. என் ஆறங்குலத் தொலைநோக்கியில் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடி கெட்டுவிட்டதா?" மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி.

கண்ணாடியில் குறையில்லை. மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் கணக்குதான் 5.7. எம்33-இன் ஒளியோ முழுநிலாவைப் போல மூன்று மடங்கு பரப்பில் கிடக்கிறது, ஒரு படி நெல்லைக் களம் முழுக்க இறைத்த மாதிரி. ஒரு சதுர விகலைப் பரப்புக்கு (விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஒளியளவு சராசரியாக 23தான் தேறும். எண் கூடக்கூட மங்கல். நல்ல இருட்டு வானமே 21 இருக்கும். ஆக, வானத்தின் சொந்த ஒளியோடு கேலக்ஸி சேர்ப்பது ஆறில் ஒரு பங்கு. தெருவிளக்கு வெளிச்சத்தில் வானம் 19 ஆகிவிட்டால் அது நாற்பதில் ஒன்று. கண்ணுக்குப் பிடிபடாது.

பெரிய தொலைநோக்கி வாங்கினால்? வேடிக்கையே இங்கேதான். எந்தத் தொலைநோக்கியும் ஒரு பரப்பை வெறுங்கண்ணில் தெரிவதைவிடப் பிரகாசமாகக் காட்டாது. கூடுதலாக அள்ளும் ஒளியை உருவத்தைப் பெரிதாக்குவதிலேயே செலவழித்துவிடும். விண்மீன் புள்ளியாகவே இருப்பதால் அதற்கு மட்டும் முழு லாபம். கேலக்ஸிக்குக் கிடைப்பது அளவு. அதுவும் உதவும்தான், ஆனால் சுற்றிலும் வெற்று வானம் தெரிந்தால்தான் வித்தியாசம் உறைக்கும். 1200 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியில் 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் உருவம் 120 மடங்கு பெரிதாகும். பார்வைப்புலம் அரைப் பாகைகூட வராது. எம்33-இன் நீளம் ஒரு பாகைக்கு மேல். கேலக்ஸிக்குள் நின்றுகொண்டே கேலக்ஸியைத் தேடுகிறீர்கள்! 32 மி.மீ. போடுங்கள், 10x50 பைனாகுலர் இன்னும் சுலபம்.

தை அமாவாசைக்கு வேதாரண்யம் போகிறவர்கள் இரவு ஏழரை மணிக்கு ஊர் வெளிச்சம் தாண்டி நின்று வடமேற்கே பார்க்கலாம். (அமாவாசை ராத்திரி வெளியே போகாதே என்பவர் பேச்சைக் கேட்டால் எந்தக் கேலக்ஸியும் கிடைக்காது.) ஆண்ட்ரோமெடா கேலக்ஸியிலிருந்து மிராக் விண்மீனுக்குக் கோடு போட்டு, ஏறக்குறைய அதே தூரம் அந்தப் பக்கம் நீட்டுங்கள். அரை மணி நேரம் கைபேசியைத் தொடாமல் கண்ணை இருட்டுக்குப் பழக்கி, நேரே பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் கிடையாது. குழாயை லேசாகத் தட்டுங்கள்; அசைவது சட்டென்று தெரியும். ஐபீஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள், சட்டைப்பையில் வைத்தால் போதும்.

படங்களில் வரும் நீண்ட சுருள்கரங்களை எதிர்பார்க்க வேண்டாம். எம்33-இன் கரங்களே துண்டுதுண்டானவை. மையத்துக்கு வடகிழக்கே ஒரு சிறு பொட்டு இருக்கும்: என்ஜிசி 604, சுமார் 1500 ஒளியாண்டு அகல வாயுமேகம். ஒளி ஒரே இடத்தில் திரண்டிருப்பதால், கரங்கள் காணாமல் போகும் இரவிலும் இது தெரிந்துவிடும்.