சோலை மரம் ஏன் புல்வெளிக்கு வருவதில்லை?

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "மலை மடிப்புகளில் அடர்ந்த சோலை, அதை ஒட்டியே வெறும் புல். நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. மரங்களை யாராவது வெட்டிவிட்டார்களா?"

இல்லை. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்தது தெரிந்திருக்கிறது. அது நிலைத்ததற்கு மண், தீ, மேய்ச்சல் என்று பல காரணங்கள் சொல்லலாம். என்னை மயக்குவது உறைபனிதான்.

உறைபனி வானத்திலிருந்து கொட்டுவதில்லை. ஜனவரி இரவில் மேகம் இருக்காது. புல் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். திருப்பி அனுப்ப மேலே எதுவுமில்லை. ஆள் உயரத்தில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே, காலடியில் புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாகப் படியும். ஊட்டியில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் கூரை விடிகாலையில் வெள்ளையாக இருக்கும். மரத்தடியில் நின்ற காரில் அவ்வளவு இருக்காது. சோலைக்குள்ளும் அதே கதைதான். மேலே இலைக்கூரை போர்வையாக இருந்து வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

புல்வெளியில் முளைத்த சோலைக் கன்றுக்கு அந்தப் போர்வை கிடையாது. செல்களுக்கு இடையில் உருவாகும் பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. அப்புறம் காலை வெயில். குளிரில் விறைத்த இலையால் அவ்வளவு ஒளியைப் பயன்படுத்த முடியாது. மிஞ்சிய ஆற்றல் இலையையே சிதைக்கிறது. புல்லுக்கோ வளரும் மொட்டு மண்ணோடு மண்ணாக, தூருக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே கருகினாலும் மழை வந்ததும் துளிர்க்கும். தடித்த இலைகொண்ட காட்டுப்பூவரசு மட்டும் புல்வெளியில் அங்கங்கே தனியாக நிற்கும்.

இந்தப் புல்லைத் தரிசு என்று நினைத்து, ஆஸ்திரேலியச் சீகை (வாட்டில்) மரத்தைக் கொண்டுவந்து நட்டோம். அதன் கன்று உறைபனியைத் தாங்கிவிடுகிறது. புல் குறையக் குறைய வரையாட்டுக்கு மேய்ச்சல் குறைகிறது. மரம் நடும் விழாவுக்குச் செலவாகும் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, முழங்கால் உயரத்தில் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் அளக்கும் கருவிகளுக்குத் தரலாம். இரவுகள் வெப்பமாகி உறைபனி குறைந்தால் அந்தக் கோடு எப்படி நகரும் என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.