மைனர்: செயின் போட்டவரும் சர்வரில் இருப்பவரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் சர்வர் என் தலையில் வந்து விழுந்தது. மாடிப்படிக்கு அடியில் பெட்டி, அதன் மேல் தூசி படிந்த ஒரு தாள்: "தொடாதே". எழுதி ஒட்டியவர் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது. உள்ளே போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், 14.2 பதிப்பு. "மைனர் அப்கிரேட் ஒன்று செய்யணும்" என்றேன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வுபெற்ற ஐயா நிமிர்ந்து பார்த்தார். "மைனரா? செயின் போட்டுக்கிட்டு வருவானே, அவனா தம்பி?"

கிண்டல்தான், ஆனால் சொல் ஒன்றேதான். லத்தீனில் மைனர் என்றால் 'இன்னும் சிறியது'. அது சட்டத்துக்குள் போய் வயது வராதவரைக் குறித்தது. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 நிரம்பாதவர் மைனர். தமிழகத்தில் ஜமீன் வாரிசு சிறுவனாக இருந்தால் சொத்தை 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' பார்த்துக்கொண்டது. பையனுக்கு வேலை இல்லை, செலவுக்குக் காசு உண்டு. வயது வந்த பிறகும் அவரை ஊர் மைனர் என்றே அழைத்தது. மைனர் செயினுக்குப் பெயர் வந்தது அந்த வழியில்தான்.

வெர்ஷனும் லத்தீன்தான், 'திருப்பு' என்னும் வினையில் பிறந்து, ஆங்கிலத்தில் முதலில் மொழிபெயர்ப்பைக் குறித்தது. தமிழில் பதிப்பு. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை, மைனர் அப்கிரேடைச் 'சிறு மேம்பாடு' என்று பெயர்ப்பதில்தான். இங்கே எதுவும் மேம்படுவதில்லை. போஸ்ட்கிரெஸில் 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல், புள்ளிக்கு முன் நிற்பது பெரிய பதிப்பின் எண், பின்னால் நிற்பது மைனர். பழைய சர்வரைக் கையில் வாங்குபவர் இங்கேதான் வழுக்குவார்: 9.5இலிருந்து 9.6க்குப் போவது மைனர் அல்ல, அக்காலத்தில் முதல் இரண்டு எண்களும் சேர்ந்தே பெரிய பதிப்பு. மைனரில் வருபவை பிழைத்திருத்தமும் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதும் மட்டுமே. தரவுக் கோப்புகளின் அமைப்பு மாறாது. சர்வரை நிறுத்தி, நிரலை மாற்றி, மறுபடி ஓட விடலாம். பெரிய பதிப்பு என்பது ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது போல. மைனர், அதே மரத்துக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு போவது. ஆகவே என் சொல் 'திருத்தப் பதிப்பு'. புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'திருத்திய பதிப்பு' என்று பார்த்துப் பழகியவருக்கு விளக்கமே வேண்டாம்.

காப்புப் பிரதி எடுத்துவிட்டு 14 வரிசையின் கடைசித் திருத்தத்தை ஏற்றினேன். பத்து நிமிடம். மறுநாள் காலை முகப்பில் ஓர் அம்மா நிற்கிறார். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் 'இல்லை' என்கிறது. பட்டியல் முழுவதையும் திறந்தால் அவர் பெயர் அங்கேயே இருக்கிறது. "நேத்து நீங்க தொட்டீங்கல்ல?" என்றார்கள்.

தொட்டதால் அல்ல. 14.0 முதல் 14.3 வரை ஒரு பிழை: இன்டெக்ஸ் என்பது தரவைச் சட்டென்று தேட உதவும் சுட்டி; மற்ற வேலைகளை நிறுத்தாமலே அதைக் கட்டும் முறையில் கட்டினால், அதில் சில பதிவுகள் விடுபடலாம். 2022 ஜூனில் வந்த 14.4 அதைச் சரிசெய்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன இன்டெக்ஸை அது தானாகத் திருத்தாது, நாம்தான் மறுபடி கட்ட வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக இருந்தது. மைனர்தானே என்று நான் படிக்கவில்லை.

இன்டெக்ஸை மறுபடி கட்டினேன். அம்மாவின் எண் வந்தது. பெட்டி மேல் இருந்த தாளை எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டினேன்: "திருத்தப் பதிப்பு ஏற்றியாயிற்று. குறிப்பைப் படித்துவிட்டுத் தொடவும்."